தோட்டத்துக்கு ஒரு 10 மடங்கு லென்ஸ்: நீண்ட நாள் பயன்படுத்திய அனுபவம்

மருந்து தெளிப்பான் இல்லாமல்கூடச் செடிகளைக் காப்பாற்றிவிடலாம், லென்ஸ் இல்லாமல் கஷ்டம். பல வருடங்களாகப் பயன்படுத்திய பிறகு இதை உறுதியாகச் சொல்கிறேன். என்னிடம் இருப்பது 10 மடங்கு பெரிதாகக் காட்டும் சின்ன மடக்கு லென்ஸ். கயிறு கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வேன்.

பிடிக்கும் விதம் முக்கியம். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, இலையை அதன் பக்கம் கொண்டுவர வேண்டும். சுமார் 2.5 செ.மீ. தூரத்தில் எல்லாம் சட்டென்று தெளிவாகும். முதலில் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலான பூச்சிகள் அங்கேதான் இருக்கும்.

இலை முழுக்கப் பொடிப்பொடியாய் வெளிர்ப் புள்ளிகள் வந்தால் பலர் சத்துக் குறைவு என்று உரம் போடுகிறார்கள். லென்ஸில் பார்த்தால் மெல்லிய நூலாம்படையும், உருண்டை முட்டைகளும், அரை மில்லிமீட்டர் அளவில் எட்டுக் கால் உயிர்களும் தெரியும். செஞ்சிலந்தி! இது பூச்சியே அல்ல, சிலந்தி இனம். அதனால் பல பூச்சிக்கொல்லிகள் இதனிடம் பலிக்காது. பைரித்ராய்டு வகை மருந்து அடித்தால், இதைத் தின்னும் நல்ல உயிர்கள் செத்து, செஞ்சிலந்தி முன்பைவிடப் பெருகிவிடும். இலையடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிட்டு, மாலையில் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பதுதான் என் வழக்கம்.

மிளகாயில்தான் 10 மடங்கு போதாமல் போகிறது. இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன். அது இந்த லென்ஸிலேயே தெரியும். கீழ்நோக்கிச் சுருண்டால் முரணைச் சிலந்தியாக இருக்கலாம். அது செஞ்சிலந்தியில் பாதிகூட இருக்காது. அதற்கென்று தனியாக 20 மடங்கு லென்ஸ் வைத்திருக்கிறேன். ஆனால் அதில் தெரியும் பரப்பு குறைவு, கை கொஞ்சம் ஆடினாலும் காட்சி நழுவிவிடும். தினசரிக்கு 10 மடங்குதான் சரி.

இந்த லென்ஸ் எனக்குச் செய்த பெரிய உதவி, மருந்தடிக்காமல் தடுத்தது. செடியின் சாற்றை உறிஞ்சும் சின்னப் பூச்சியான அசுவினியின் கூட்டத்தில் சில மட்டும் உப்பி, பழுப்பேறி, அசையாமல் கிடக்கும். உற்றுப் பார்த்தால் முதுகில் வட்டமான துளை இருக்கும். ஒட்டுண்ணிக் குளவி ஒன்று அசுவினிக்குள் முட்டையிட்டு, அதன் புழு உள்ளேயே தின்று வளர்ந்து, குளவியாக வெளியேறிய வழி அது. துளை இல்லாத உப்பல்களில் அடுத்த குளவிகள் வளர்ந்துகொண்டிருக்கும். அப்படி நாலைந்து கண்ணில் பட்டால் வேப்பெண்ணெயைக்கூட நான் எடுப்பதில்லை. மாவுப்பூச்சிக் கூட்டத்திலும் இதே கவனம் வேண்டும். மற்றவற்றைவிடப் பெரிதாய், நீண்ட மெழுகு இழைகளோடு, வேகமாக நகர்வது கிரிப்டோலீமஸ் பொறிவண்டின் புழு. அது மாவுப்பூச்சியைத் தின்ன வந்தது. தயவுசெய்து அதை நசுக்காதீர்கள்.

வாடல் நோய்க்கு லென்ஸ் உதவாது. பச்சையாக இருந்த தக்காளிச் செடி திடீரென்று துவண்டால், அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, ஒரு டம்ளர் தெளிந்த தண்ணீரில் நுனி படும்படி தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து வெண்மையான இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். மருந்துக்கு அலையாமல் செடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். வெட்டிய கத்தியையும் சுத்தம் செய்யுங்கள். அந்த மண்ணில் அடுத்து கத்தரி, மிளகாய் எதுவும் வைக்க வேண்டாம். அவற்றுக்கும் இதே நோய் வரும்.