ஹன்ஜா பெயரா, தனிக் கொரியப் பெயரா?

தென் கொரியாவில் குழந்தைக்குப் பெயர் வைக்க முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, ஹன்ஜா எனப்படும் சீன எழுத்துகளில் தேடி எடுப்பது. மற்றது, கொரிய மொழியின் சொந்தச் சொல்லையே வைப்பது.

ஹன்ஜா பெயரில் ஒலி ஒன்று, பொருள் பல. ‘சு’ என்ற அசையைப் பாருங்கள். ஓர் எழுத்தில் எழுதினால் நீர், இன்னொன்றில் நீண்ட ஆயுள், வேறொன்றில் சிறப்பு. அதனால் ‘ஜிசு’ என்று இரண்டு பேர் இருந்தால், எழுத்தைக் கேட்டால்தான் பொருள் தெரியும். அப்புறம் ‘டொல்லிம்ஜா’ வழக்கம். அண்ணன் தம்பி, பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் என ஒரே தலைமுறையில் எல்லோர் பெயரிலும் ஒரு பொது எழுத்து வரும். பல குலங்களில் இது சீன மரபின் ஐம்பூத வரிசைப்படி (மரம், நெருப்பு, மண், உலோகம், நீர்) போகும்: அப்பா பெயரில் மரம் அடங்கிய எழுத்து என்றால் மகன் பெயரில் நெருப்பு, பேரன் பெயரில் மண். ஒரு வம்சமே பெயருக்குள் அடுக்கி வைத்ததுபோல் இருக்கிறது. இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

தனிக் கொரியப் பெயருக்கு விளக்கமே வேண்டாம். ஹானுல் என்றால் வானம், இஸுல் என்றால் பனித்துளி, பியொல் என்றால் நட்சத்திரம். 1967-இல் சியோல் தேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் இத்தகைய பெயர்களுக்குப் போட்டியே நடத்தினார்கள். ஆனால் குடும்பப் பெயர் ஹன்ஜாவாகவே நிற்கும். ‘கிம் ஹானுல்’ என்பதில் கிம்முக்கு மட்டும்தான் சீன எழுத்து.

குலத் தொடர்ச்சி முக்கியம் என்றால் ஹன்ஜாதான் சரி. கூப்பிடும்போதே பொருள் மனதில் விரிய வேண்டும் என்றால், நான் இஸுல் பக்கம்.