ஒரே எஞ்சின், இரண்டு வண்டி: ஸ்விஃப்ட் விற்றது, புன்டோ ஏன் விற்கவில்லை?

1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் எஞ்சின் இத்தாலிய கார் கம்பெனியான ஃபியட்டின் சொத்து. அதை வைத்து இந்தியாவில் கொழித்தது மாருதி. 2007-ல் ஸ்விஃப்ட் டீசல் வந்தது. 2009-ல் அதே 1,248 சிசி எஞ்சினோடு ஃபியட்டின் கிராண்ட் புன்டோ வந்தது. டிசையர், ரிட்ஸ், எர்டிகா, சியாஸ், டாடாவின் விஸ்டா, மான்சா, ஜெஸ்ட் என்று வரிசையாக ஏறி, 'தேசிய எஞ்சின்' என்றே அது பெயர் வாங்கிவிட்டது. மாருதி சொந்தமாகத் தயாரித்தது போதாமல், புனே அருகே ரஞ்சன்கானில் உள்ள ஃபியட் ஆலையிலிருந்து ஆண்டுக்கு ஒரு லட்சம் எஞ்சின் வரை வாங்க 2012-ல் ஒப்பந்தமும் போட்டது. ஃபியட்டோ 2019-ல் புன்டோ, லீனியா இரண்டையும் நிறுத்திக்கொண்டது. எஞ்சின் ஒன்று, தலையெழுத்து இரண்டு.

செகண்ட் ஹேண்டில் இரண்டையும் எடைபோட்டு ஸ்விஃப்ட்டை எடுத்தவன் நான். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

ஓட்டுவதில் புன்டோதான் மேல். இதில் வாதமே வேண்டாம். அதன் ஹைட்ராலிக் ஸ்டியரிங் கையில் கனமாக நிற்கும்; 120-ல் போனாலும் வண்டி தரையைப் பிடித்துக்கொண்டே போகும். ஸ்விஃப்ட்டின் எலெக்ட்ரிக் ஸ்டியரிங் நகரத்துக்குச் சுகம், நெடுஞ்சாலையில் அந்த நம்பிக்கையைத் தராது. ஆனால் புன்டோவுக்கு எடை சுமார் ஒரு குவிண்டால் அதிகம். ஸ்விஃப்ட்டுக்கு 190 நியூட்டன் மீட்டர் இழுவை, புன்டோவுக்கு 197. கூடுதலாகக் கிடைக்கும் அந்த ஏழு, அந்த எடைக்கே சரியாகிவிடும். நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் கீழே டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) எழாது என்பது இரண்டுக்கும் பொது. டிராஃபிக்கில் அந்தச் சோர்வு புன்டோவில்தான் அதிகம் தெரியும்.

இனி விஷயத்துக்கு வருவோம். வண்டியை ஒர்க்‌ஷாப்பில் நிறுத்திவைப்பது பெரும்பாலும் எஞ்சின் அல்ல. ஹெட்லைட், பம்பர் கிளிப், சைடு மிரர், முன் கண்ணாடி, லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கை), ஸ்டியரிங் ராக், க்ளட்ச் ரிலீஸ் பேரிங், இன்டர்கூலர் ஹோஸ் (டர்போவின் காற்று போகும் குழாய்) இவைதான் நிறுத்திவைக்கும். இந்தப் பட்டியலில் ஒன்றைக்கூட ஸ்விஃப்ட்டிலிருந்து கழற்றி புன்டோவில் மாட்ட முடியாது. டைமிங் செயின் (வால்வுகளைச் சரியான நேரத்தில் திறக்க வைக்கும் சங்கிலி), பிஸ்டன், ரிங், ராக்கர் போன்ற உள்ளுறுப்புகளில்தான் எஞ்சினின் ஒற்றுமை. கியர்பாக்ஸ், எஞ்சின் மவுன்ட், ரேடியேட்டர், வயரிங் எல்லாம் வேறு வேறு. 'ஸ்விஃப்ட் எஞ்சின்தானே, எங்கேயும் பார்க்கலாம்' என்று புரோக்கர் சொல்வதில் பாதிதான் உண்மை.

ஸ்விஃப்ட்டுக்கு ஒரு லோயர் ஆர்ம் வேண்டுமென்றால் கம்பெனி ஒரிஜினல், அதைவிட மலிவான வெளி பிராண்ட், சென்னை புதுப்பேட்டைப் பழைய உதிரிச் சந்தையில் கழற்றிய பழையது என்று மூன்று விலையில் கிடைக்கும். சிறு ஊர்க் கடையிலும் மறுநாள் வந்துவிடும். ஓடும் வண்டி லட்சக்கணக்கில் இருப்பதால் வெளி பிராண்டுகள் துணிந்து அச்சு போட்டு உதிரி தயாரிக்கின்றன. புன்டோவுக்கு அந்த எண்ணிக்கை இல்லை. அச்சுக்குப் போட்ட காசே திரும்பாது. ஆகவே கம்பெனி உதிரி ஒன்றே வழி. அதுவும் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். சின்ன இடிக்கு டிங்கரிங் வேலை இரண்டு நாளில் முடிந்துவிடும், ஹெட்லைட் வராமல் வண்டி அப்படியே நிற்கும். இதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் அந்த பிராண்ட் பக்கம் போவாரா? மறுவிற்பனை விலை விழுவது இங்கிருந்துதான். விலை விழும் என்று தெரிந்த வண்டியைப் புதிதாக வாங்க ஆள் வராது. ஆள் வராத ஊரில் டீலர் கடையை மூடுவார். டீலர் இல்லாத ஊரில் உதிரி இன்னும் தாமதமாகும்.

ஃபியட் இந்தச் சுழலில் சிக்கியதற்கு முன்கதை உண்டு. 1990-களில் அதன் ஊனோ காருக்கு முன்பதிவு குவிந்தும் வண்டியைச் சரியாகக் கொடுக்க முடியவில்லை. அடுத்து வந்த பாலியோ கெட்டி, ஆனால் பெட்ரோலைக் குடிக்கும் என்ற பேச்சு ஒட்டிக்கொண்டது. பிறகு டாடா ஷோரூமில் விற்கும் ஏற்பாடு. அங்கே அதே எஞ்சினோடு, அதைவிடக் குறைந்த விலையில், இடவசதி கூடிய விஸ்டா பக்கத்திலேயே நின்றது. விற்பவர் எதைத் தள்ளிவிடுவார்? 2012-ல் அந்த உறவை முறித்துத் தனிக்கடை போடப் புறப்பட்டபோது காலம் கடந்துவிட்டது.

பராமரிப்பைச் சரிசெய்தால் மட்டும் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. ஃபிகோ கார் வந்த பிறகு ஃபோர்டு, முழு அசெம்பிளியை மாற்றாமல் உடைந்த சிறு பாகத்தை மட்டும் மாற்றும்படி உதிரிகளைப் பிரித்து விற்றது. நல்ல வேலை. ஆனாலும் மறைமலை நகரிலும் குஜராத்தின் சனந்திலும் கட்டிவைத்த ஆலைகளின் திறனுக்கு ஏற்ற விற்பனை வரவில்லை. பத்தாண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லி 2021-ல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்தடுத்துப் புது மாடல் இறக்கவும் வேண்டும். ஹூண்டாய் நிலைத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் புன்டோதான் வேண்டும் என்பவர்களுக்கு: ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்பக்கம் வலது ஓரத்திலிருந்து சங்கிலி உரசும் சத்தம் சில விநாடிகளுக்கு மேல் நீடித்தால் டைமிங் செயின் நீண்டிருக்கிறது. சங்கிலி பல் தாண்டினால் வால்வு பிஸ்டனில் இடித்து, ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போட்ட வண்டிகளில்தான் இது அதிகம். நகர ஓட்டத்துக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முன்போ அதில் மாற்றிவிடுங்கள். பிடிப்பது மூன்று லிட்டருக்குச் சற்று மேல்தான். கறுப்புப் புகையும் இழுவைக் குறைவும் சேர்ந்தே இருந்தால் முதலில் இன்டர்கூலர் ஹோஸில் வெடிப்பு, பிறகு இ.ஜி.ஆர். வால்வில் (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி விடுவது) கரி என்று பாருங்கள்; டர்போ போய்விட்டது என்று யாராவது சொன்னால் உடனே நம்ப வேண்டாம். இது ஸ்விஃப்ட்டுக்கும் பொருந்தும். 90 குதிரைத்திறன் புன்டோவின் டர்போ வேறு வகை. அதைக் கையாண்ட மெக்கானிக் அருகில் இருந்தால் மட்டும் எடுங்கள். ஹெட்லைட் இரண்டிலும் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு சாவியும் கைக்கு வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இம்மொபிலைசரில் (பதியாத சாவிக்கு எஞ்சினை எழவிடாத மின்னணுப் பூட்டு) புதுச் சாவியைப் பதிய அதற்கான ஸ்கேனர் வேண்டும், அது எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் இருக்காது.