பிளேஸ்டேஷன் 5: வேகமும் விரல் நுனியும்

கேசட் செருகி விளையாடிய காலந்தொட்டு வீடியோ கேம்களோடு வளர்ந்தவன் என்ற முறையில், சோனியின் வீடியோ கேம் கருவியான பிளேஸ்டேஷன் 5-இன் உண்மையான பலம் படத் தெளிவைக் காட்டிலும், நொடிக்கு 5.5 ஜிகாபைட் வேகத்தில் தரவைப் படிக்கும் அதன் எஸ்எஸ்டியில்தான் (சுழலும் பாகமில்லாத சேமிப்பகம்) இருக்கிறது என்பேன். சுழலும் ஹார்ட் டிஸ்க்கை நம்பியிருந்த முந்தைய பிஎஸ்4-இல் காட்சிக்குக் காட்சி காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பு இதில் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

கையில் பிடித்து விளையாடும் இதன் டூயல்சென்ஸ் கன்ட்ரோலரை மனதாரப் பாராட்டுகிறேன். உடன் வரும் ஆஸ்ட்ரோஸ் பிளேரூம் விளையாட்டில் மழை பெய்தால் துளிகள் உள்ளங்கையில் பொடிப்பொடியாகத் தெறிப்பதை உணரலாம். வில்லின் நாணை இழுத்தால் ட்ரிக்கர் பொத்தான் விரலை எதிர்த்துத் தள்ளுகிறது. வெறும் அதிர்வு என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

முதலில் வந்த மாடலின் 825 ஜிபி சேமிப்பில் விளையாட்டுகளுக்குக் கிடைப்பது சுமார் 667 ஜிபி மட்டுமே என்பது பெரிய குறை, கூடுதல் சேமிப்புக்கான எம்.2 வகை எஸ்எஸ்டி வாங்கிப் பொருத்துவதற்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள்.

புதுச்சேரியில் கடலுக்கு அருகே வசிப்பவர்கள் இதைக் காற்றோட்டமுள்ள இடத்தில், ஜன்னலை விட்டுத் தள்ளி வைப்பது நல்லது. பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் தூசி சேரும் துளைகள் தெரியும். உப்புக்காற்றின் ஈரத்தில் தூசி பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளுமுன் அவற்றை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.