23 வயதில் வயிற்றை வெட்டலாமா? ஊசி, ஸ்லீவ், பைபாஸ்: தம்பிக்காகப் போட்ட கணக்கு

தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளில் பாதிகூட ஏறாமல் என் தம்பி உட்கார்ந்துவிட்டான். கால் வலிக்கிறது என்று சொன்னான். அவனுக்கு மூச்சு வாங்கியதை நான் பார்த்தேன். பத்து வயதில் பால்குடத்தோடு என்னை முந்திக்கொண்டு ஏறிய பையன். அன்றிரவு பட்டர்வொர்த் திரும்பும் பெர்ரியில், "அக்கா, எடை குறைய ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு இருக்கேன்" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த சில மாதங்கள் அவனோடு மருத்துவர்களைப் பார்த்து, படித்து, கேட்டு, சேர்த்து வைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருக்கும் இளையவர்களும் அவர்களின் அம்மா அப்பாவும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் அவன் நிலை. வயது 23, உயரம் 172 சென்டிமீட்டர், எடை 128 கிலோ. பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 43. பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை ஷிப்ட் வேலை. இரவு ஷிப்ட் முடிந்தால் மாமாக் கடையில் ரொட்டி சானாய், தே தாரிக், அப்புறம் தூக்கம். இரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி (கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரை அளவு) 7.1 என்று வந்தது. அதாவது இனிப்புநீர் தொடங்கிவிட்டது. படுத்தால் நெஞ்செரிச்சல். முட்டி வலிக்கு பார்மசியில் தானாகவே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வான். இந்த நெஞ்செரிச்சலும் வலி மாத்திரையும் பின்னால் பெரிய விஷயங்களாக வரப்போகின்றன.

ஆபரேஷனுக்குத் தகுதி இருக்கிறதா என்பதில் குழப்பமே இல்லை. 1991-இல் அமெரிக்காவில் வகுத்த பழைய விதிப்படி பிஎம்ஐ 40 வேண்டும், அல்லது 35-ம் கூடவே நோயும் வேண்டும். 2022-இல் இந்தத் துறையின் இரண்டு பெரிய மருத்துவர் சங்கங்கள் அதைத் தளர்த்தின: 35 இருந்தால் நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம், ஆசிய உடல்வாகுக்கு 27.5-இலிருந்தே யோசிக்கலாம் என்றன. தம்பி இந்த எல்லைகள் எல்லாவற்றையும் தாண்டியவன்தான். ஆனால் தகுதி இருக்கிறது என்பதும் செய்துகொள்ள வேண்டும் என்பதும் ஒன்றல்ல. ஒரு தனியார் இடத்தில் பத்து நிமிடம் பேசிவிட்டு, "அடுத்த வாரம் தேதி போடலாமா?" என்று கேட்டார்கள். அன்று அவன் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்ததை நினைத்தால் இன்றும் நிம்மதியாக இருக்கிறது.

வாயைக் கட்டினால் போதாதா?

எங்கள் பெரியம்மாவின் கட்சி இது. "சோத்தைக் குறைச்சு, காலையில நடந்தா தானா இறங்கும்." நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன், அவனிடம் கடுமையாகவும் பேசியிருக்கிறேன். இப்போது வருந்துகிறேன். இனிப்புநீர் உள்ள 5,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த லுக் அஹெட் என்ற ஆய்வில், வாராவாரம் ஆலோசனை, உணவுத் திட்டம், உடற்பயிற்சி என்று எல்லாம் கொடுத்தும் முதல் வருடம் சராசரியாக 8.6 சதவீத எடைதான் குறைந்தது. ஆய்வு முடியும்போது 6 சதவீதம் நின்றது. தம்பியின் 128-இல் அது எட்டு கிலோ. எடை இறங்கினால் உடல் பசியைக் கூட்டும், எரிக்கும் சக்தியைக் குறைக்கும். அது உடலின் தற்காப்பு. மன உறுதி இல்லை என்று ஒருவரைத் திட்டுவதில் நியாயம் இல்லை.

ஆனாலும் இந்த வழியை ஒதுக்க முடியாது. மற்ற எல்லா வழிகளும் இதன் மேல்தான் நிற்கின்றன.

ஊசி

செமாக்ளூடைட், டிர்செபடைட் என்ற எடைக்குறைப்பு மருந்துகள். வாரம் ஒரு முறை தோலுக்கடியில் போட்டுக்கொள்வது. ஊசியைப் பற்றிப் பேசுபவர்கள் சொல்லும் 15 சதவீதம், 21 சதவீதம் என்ற எண்கள் இனிப்புநீர் இல்லாதவர்களிடம் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்தவை. இனிப்புநீர் உள்ளவர்களிடம் செமாக்ளூடைட் 2.4 மில்லிகிராம் கொடுத்தபோது குறைந்தது 9.6 சதவீதம், டிர்செபடைட் 15 மில்லிகிராமில் 14.7 சதவீதம். தம்பிக்குப் பொருந்துவது இந்த எண்கள்தான். அப்படிப் பார்த்தால் 12 முதல் 19 கிலோ வரை குறையலாம். சின்ன விஷயமல்ல.

சிக்கல், நிறுத்தினால் என்ன என்பதில். செமாக்ளூடைட்டை நிறுத்தி ஒரு வருடத்தில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததை ஆய்வு காட்டியது. ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வாழ்நாள் மருந்து என்றால் இருபது, முப்பது வருடம் கணக்குப் போடுவார். 23 வயதுக்காரனுக்கு அது ஐம்பது வருடக் கணக்கு. மாதம் பல நூறு வெள்ளி, அதுவும் தொழிற்சாலைச் சம்பளத்தில். இன்னொரு பக்கம், ஊசியை நாளைக்கே நிறுத்தலாம். வெட்டிய வயிறு திரும்ப வராது. அது ஊசிக்குச் சாதகமான பெரிய வாதம். பிஎம்ஐ 30, 32 என்று இருக்கும் இளையவர் என்னிடம் கேட்டால், ஆபரேஷனை மறந்துவிட்டு மருத்துவரிடம் இதைப் பற்றிப் பேசு என்றுதான் சொல்வேன்.

வயிற்றுக்குள் பலூன் வைப்பதும் உண்டு. சில மாதங்களில் எடுத்துவிடுவார்கள், எடையும் பெரும்பாலும் திரும்பிவிடும். 128 கிலோவுக்கு அது விடை இல்லை.

ஸ்லீவா, பைபாஸா?

மருத்துவரிடம் நாங்கள் அதிக நேரம் பேசியது இதைப் பற்றித்தான்.

ஸ்லீவ் என்றால் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேலாக நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுவது. மிச்சம் இருப்பது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுவதால் பசி அடங்குகிறது. குடலைத் தொடுவதில்லை. ஆபரேஷன் நேரமும் குறைவு.

பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியில் ஏறக்குறைய 30 மில்லி பிடிக்கும் சின்னப் பை ஒன்றைப் பிரித்து, சிறுகுடலை நேராக அதில் இணைக்கிறார்கள். சாப்பாடு பெரிய வயிற்றையும் குடலின் முதல் பகுதியையும் தொடாமல் போகிறது. இனிப்புநீரை அடக்குவதில் இதற்குப் பலம் அதிகம்.

எளிது என்பதால் ஸ்லீவ் என்று தம்பி முதலில் முடிவு செய்திருந்தான். நெஞ்செரிச்சல்தான் அதை மாற்றியது. பின்லாந்தில் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வில், பத்து வருடம் கழித்து உணவுக்குழாயில் புண் இருந்தவர்கள் ஸ்லீவில் 31 சதவீதம், பைபாஸில் 7 சதவீதம். இருக்க வேண்டிய எடைக்கு மேல் கூடுதலாக இருந்ததில் குறைந்தது ஸ்லீவில் 43.5 சதவீதம், பைபாஸில் 50.7 சதவீதம். ஏற்கெனவே எரிச்சலோடு படுக்கும் பையனுக்கு, 33 வயதில் உணவுக்குழாய் எப்படி இருக்கும் என்பது முக்கியமில்லையா?

பைபாஸுக்கும் விலை உண்டு. இரும்பு, பி12, கால்சியம், விட்டமின் டி ஆகியவற்றை உடல் சரியாக எடுக்காது. மாத்திரையும் இரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுக்க. ஐபுபுரோபென், டைக்ளோபெனாக் போன்ற வலி மாத்திரைகள் கூடாது, இணைப்பில் புண் வரும். சிகரெட்டும் அப்படியே. இனிப்பான தே தாரிக்கை மடமடவென்று குடித்தால் படபடப்பு, வியர்வை, வயிற்றோட்டம். மது சீக்கிரம் தலைக்கேறும், பழக்கமாகவும் மாறலாம். வருடங்கள் கழித்துக்கூடக் குடல் உள்ளுக்குள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

இளம் வயது எந்தப் பக்கம்?

இரண்டு பக்கமும்தான். அமெரிக்காவில் பதின்ம வயதில் பைபாஸ் செய்துகொண்ட 161 பேரை, பெரியவர்களாகிச் செய்துகொண்ட 396 பேரோடு ஒப்பிட்டு 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. ஐந்து வருடத்தில் எடை குறைந்தது ஏறத்தாழ ஒன்றுதான்: இளையவர்களிடம் 26 சதவீதம், பெரியவர்களிடம் 29 சதவீதம். ஆனால் இனிப்புநீர் அடங்கியது இளையவர்களில் 86 சதவீதம் பேருக்கு, பெரியவர்களில் 53 சதவீதம் பேருக்கு. இரத்த அழுத்தத்தில் 68-ம் 41-ம். நோய் வேர்விடும் முன் செய்தால் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதுதான் இதன் பொருள். காத்திருப்பதும் ஒரு செலவு என்று எனக்குப் புரிந்தது இந்த எண்களைப் பார்த்தபிறகுதான்.

அதே ஆய்வில் மறுபக்கமும் இருக்கிறது. மீண்டும் வயிற்றில் அறுவை தேவைப்பட்டதும் இரும்புச்சத்துக் குறைந்ததும் இளையவர்களிடம்தான் அதிகம். மாத்திரையை ஒழுங்காகப் போடும் பழக்கம் இருபது வயதில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. எடை இறங்கத் தொடங்கியதும் நின்றுபோன மாதவிலக்கு திரும்பலாம், கருத்தரிப்பதும் எளிதாகலாம். ஆபரேஷனுக்குப் பின் 12 முதல் 18 மாதம்வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். பைபாஸ் செய்தவர்கள் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில், மாப்பிள்ளை வருவதற்குள் இளைக்க வேண்டும் என்று இந்த முடிவைத் திணிப்பதைப் பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். அவளே கேட்கட்டும்.

மனநிலையையும் பாருங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு தற்கொலை எண்ணமும் தன்னைத்தானே வருத்திக்கொள்வதும் சிலரிடம் கூடுவதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. உளவியல் மதிப்பீட்டை வெறும் சடங்காக நினைத்துத் தாண்டிவிடாதீர்கள்.

பணம்: தனியாரில் பல பத்தாயிரம் வெள்ளி ஆகும். எடைக்குறைப்பு என்றால் மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்புறுதி) பெரும்பாலும் ஏற்காது, முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். அரசாங்க, பல்கலைக்கழக மருத்துவமனைகளில் செலவு மிகக் குறைவு, ஆனால் வரிசை உண்டு. அந்தக் காத்திருப்பு எங்களுக்கு நல்லதாகவே அமைந்தது.

ஏனென்றால், தம்பியின் நிலைக்குப் பைபாஸ்தான் சரி என்பது என் முடிவு. ஆனால் உடனே வேண்டாம் என்றேன். "ஆபரேஷனுக்கு அப்புறம் என்னென்ன செய்யணுமோ, அதை ஆறு மாசம் இப்பவே செஞ்சு காட்டு. அப்புறம் நானே கூட வர்றேன்." தினமும் விட்டமின் மாத்திரை, சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் கழித்துக் குடிப்பது, முதலில் முட்டை, மீன், பருப்பு, பிறகுதான் சோறு. முட்டி வலிக்கு மருத்துவர் சொன்ன மாத்திரை மட்டும். இரவு ஷிப்ட் முடிந்தால் வீட்டிலிருந்து கொண்டுபோன பொட்டலம்.

நான்கு மாதம் ஆகிறது. ஐந்து கிலோ இறங்கியிருக்கிறான். ஏழு கட்டங்கள் உள்ள மாத்திரை டப்பாவை ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவின் டப்பா பக்கத்தில் வைத்து நிரப்புகிறான். இரண்டு செவ்வாய்க்கிழமை மறந்துவிட்டதாக அவனாகவே என்னிடம் சொன்னான். அடுத்த மாதம் எண்டோஸ்கோபி (வாய்வழியே கேமரா குழாய் விட்டு உணவுக்குழாயையும் வயிற்றையும் பார்ப்பது), அதன்பின் மருத்துவக் குழுவோடு சந்திப்பு. அன்றைக்கு நான் லீவு போட்டுவிட்டேன்.