டீசல் பிக்கப் ஏர் ஃபில்டர்: கடலூர், புதுவை ரோடுகளில் பல வருஷம் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் லோடு அடிக்கும் பொலேரோ பிக்கப், டாடா யோதா, தோஸ்த் போன்ற வண்டிகளில் ஏர் ஃபில்டர் தூசி அடைத்துக் கெடுவதைவிட ஏர் அடித்துக் கெடுவதே அதிகம். பஞ்சர் கடையில் நிறுத்தி, ஃபில்டரைக் கழற்றி, டயரில் ரெண்டு தட்டு தட்டி, முழு பிரஷரில் ஊதி மாட்டுவது பலருக்கு வாராந்திரப் பழக்கம். அதைக் கைவிட்ட வண்டிகளில்தான் ஆயில் குறையாமல், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தரும் டர்போ ஊளையிடாமல் இன்ஜின் நாள்பட உழைக்கிறது.

ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரியக் குறைந்தது 10,000 லிட்டர் காற்று வேண்டும். டீசல் இன்ஜின் எப்போதும் தேவைக்கு மேலேயே காற்றை இழுக்கும் என்பதால் நிஜக் கணக்கு இன்னும் கூடுதல். அத்தனையும் ஃபில்டரில் உள்ள அந்த ஒரே காகிதம் வழியாகத்தான் போகிறது. புது ஃபில்டரில் முதலில் படியும் மெல்லிய தூசிப் படலம், அடுத்து வரும் பொடித்தூளையும் சேர்த்துப் பிடிக்கும். கொஞ்சம் அழுக்கேறிய ஃபில்டர் புதுசைவிட நன்றாக வடிகட்டுவது இதனால்தான். ஏர் அடித்தால் அந்தப் படலம் போய்விடும். கூடவே காகித இழைகளும் விலகும். அந்த இடைவெளியில் நுழையும் கல்தூள் சிலிண்டரின் உள்சுவரான லைனரையும் பிஸ்டன் ரிங்கையும் உரசித் தேய்க்கும்.

எந்த ரோட்டில் ஓடுகிறது என்பதைப் பொறுத்துத்தான் மாற்றும் கணக்கு. திருவக்கரை, வானூர் பக்கம் கிரஷரில் ஜல்லி, எம் சாண்ட் ஏற்றும் வண்டிக்குக் கையேட்டில் 20,000 கிலோமீட்டர் என்றிருந்தால் 10,000-லேயே மாற்றிவிட வேண்டும். பண்ருட்டி முந்திரித் தோப்புச் செம்மண் பாதையும் ஏறக்குறைய அப்படித்தான். கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்து ஈ.சி.ஆரில் மீன் ஏற்றிப் போகிற வண்டிக்குக் கையேட்டுக் கணக்கே போதும். ஆனால் அதற்கு உப்புக்காற்று என்று வேறு தொல்லை இருக்கிறது.

ஃபில்டர் வாங்கும்போது விலையைப் பார்க்காமல் அதன் விளிம்பு ரப்பரைப் பாருங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் உடனே பழைய நிலைக்கு எழும்ப வேண்டும். கல் மாதிரி இருந்தாலோ பிசுபிசுத்தாலோ கடையிலேயே விட்டுவிடுங்கள். பழைய ஒரிஜினலைக் கையோடு கொண்டுபோய் உயரம், விட்டம், மடிப்பு எண்ணிக்கை மூன்றையும் ஒப்பிடுங்கள். டூப்ளிகேட்டில் மடிப்பைக் குறைத்திருப்பார்கள், பசை திட்டுத்திட்டாக இருக்கும், மடிப்புகள் ஒரு பக்கம் சாய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். வண்டிக் கம்பெனி பெயர் போட்டதுதான் வேண்டும் என்றில்லை. பாஷ், மாலே, எலோஃபிக் போன்ற ஃபில்டர் தயாரிப்பாளர்களிடம் உங்கள் வண்டியின் பார்ட் நம்பருக்குப் பொருந்துவது இருந்தால் தாராளமாகப் போடலாம். எண்ணெய் தடவிக் கழுவிப் போடும் பருத்தி ஃபில்டர் லோடு வண்டிக்கு வேண்டாம். எண்ணெய் கொஞ்சம் கூடினாலும் காற்று அளக்கும் சென்சாரில் படிந்து அளவு தப்பும். பி.எஸ். 6 மாசு விதிப்படி வந்த வண்டியில் அது புகைக்கரி வடிகட்டி அடைக்கிற வரை போகலாம்.

மாற்றும் வேலை பத்து நிமிஷம்தான், ஆனால் வரிசை முக்கியம். ஃபில்டர் உட்காரும் டப்பாவைத் திறக்கும் முன்பே அதன் வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும்; இதை யாரும் செய்வதில்லை. மூடியின்மேல் கிடக்கும் மண் அப்படியே உள்ளே கொட்டும். ஃபில்டரை உதறாமல் மெதுவாக எடுங்கள். எடுத்ததும் இன்ஜின் பக்கம் போகும் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிட்டு, டப்பாவின் உள்புறத்தை ஈரத்துணியால் துடையுங்கள். அங்கே ஏர் அடித்தால் தூசி நேராக டர்போவுக்குப் போகும். அடியில் ரப்பர் வால்வு தொங்கினால் பிதுக்கி மண்ணைக் கொட்டுங்கள், வெடித்திருந்தால் மாற்றுங்கள். புது ஃபில்டரை விளிம்பில் அழுத்தி உட்கார வையுங்கள், நடுவில் அழுத்தக் கூடாது. அடைத்த துணியை எடுத்தாயிற்றா என்று பார்த்துவிட்டு மூடுங்கள். கிலோமீட்டரை மார்க்கரால் டப்பாமேல் எழுதிவிட்டால் டிரைவர் மாறினாலும் கணக்கு மாறாது. உள்ளுக்குள் இரண்டாவதாகச் சின்ன ஃபில்டர் உள்ள வண்டியில், பெரியதை மூன்று முறை மாற்றும்போது சின்னதை ஒரு முறை மாற்றினால் போதும். அதை ஒருபோதும் ஊதக் கூடாது.

வெளியூரில் மாட்டிக்கொண்டு ஊதித்தான் ஆக வேண்டும் என்றால் 30 பி.எஸ்.ஐக்கு மேல் போகாமல், உள்ளிருந்து வெளியே, முனையைத் தள்ளிப் பிடித்து ஊதுங்கள். பிறகு இருட்டில் உள்ளே செல்போன் டார்ச்சை விட்டுப் பாருங்கள். எங்காவது ஊசிமுனை வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தால் அது குப்பைக்குத்தான்.

ஃபில்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதைத் தாண்டிய ஹோஸில் கசிவிருந்தால் பயனில்லை. ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள குழாயில் வெள்ளைத் துணியை விட்டுத் துடையுங்கள். செம்மண் நிறமோ சாம்பல் தூளோ ஒட்டினால் கிளாம்ப் தளர்ந்திருக்கும், ஹோஸ் வெடித்திருக்கும், இல்லையென்றால் ரப்பர் சரியாக உட்காரவில்லை. இன்ஜின் ஆவியை வெளிவிடும் பிரீதர் பக்கத்து எண்ணெய் ஈரம் இந்த இடத்தில் இருக்கலாம், பயப்பட வேண்டாம். விரலில் நெருநெருவென்று பட்டால்தான் ஆபத்து. கடலோர வண்டியில் சாதா இரும்பு கிளாம்ப் துருவேறி இறுக்கம் விடும். துருப்பிடிக்காத எஸ்.எஸ். கிளாம்ப் போட்டுவிடுங்கள். டப்பாவின் ஸ்பிரிங் கிளிப்பும் துருப்பிடித்தால் மூடி ஒரு மூலையில் தூக்கிக்கொள்ளும்.

மல்லாட்டை (நிலக்கடலை), நெல் ஏற்றும் வண்டியை நாலைந்து நாள் நிறுத்தி எடுத்தால் ஒரு முறை டப்பாவைத் திறந்து பார்ப்பது நல்லது. எலி காகிதத்தைக் கடித்துக் கூடு கட்டியிருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு கவனம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், தொடர்ந்து தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் வந்ததும் இங்கே யாருக்கும் மறக்காது. வண்டி நின்ற இடத்தில் தண்ணீர் காற்று இழுக்கும் வாய் வரை ஏறியிருந்தால் சாவியைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது. ஒரு முறை ஸ்டார்ட்டர் சுற்றினாலே கனெக்டிங் ராடு வளையலாம். டப்பாவைத் திறந்து பாருங்கள். ஃபில்டர் நனைந்திருந்தால் வெயிலில் காயவைத்து மாட்ட நினைக்க வேண்டாம், ஊறிய காகிதம் பழைய பலத்துக்கு வராது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, குழாயிலும், டர்போ காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரிலும் தண்ணீர் இல்லையென்று மெக்கானிக் பார்த்துச் சொன்ன பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.