மாமாவின் வெப்லி ரிவால்வருக்கு விலை கேட்கப் போனோம்

கண்டியில் அந்தத் துப்பாக்கிக் கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. மாமா உறையிலிருந்து எடுத்து வைத்த ரிவால்வரை வெளிச்சத்தில் ஒரு முறை திருப்பினார். "முதலாம் உலகப் போர்ச் சாமான் ஐயா. கருநீல மெருகு அப்படியே இருக்கிறது, சுத்த அசல்" என்று சொல்லிப் பெரிய விலை ஒன்றையும் சொன்னார். அதையே கடிதமாக எழுதித் தரக் கேட்டதுதான் தாமதம், முதலாளி வரட்டும், முத்திரை வரட்டும், அடுத்த வாரம் வாருங்கள் என்று இழுக்கத் தொடங்கிவிட்டார். தலவாக்கலையிலிருந்து வந்திருந்த எண்பது வயதுக்காரருக்கு உட்கார ஒரு நாற்காலி போட ஆளில்லை.

பெரிய கிளாக்கராக இருந்த மாமாதான் சம்பள நாளில் வங்கிப் பணத்தைத் தோட்டத்துக்குக் கொண்டு வருவார். 1975இல் தோட்டங்கள் அரசுடைமையானபோது, ஊர் திரும்பிய துரை முறைப்படி அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்தது இந்த ரிவால்வர். ஆண்டு தவறாமல் லைசன்ஸ் புதுப்பித்து வைத்திருக்கிறார்.

நான் வசிப்பது பர்மிங்காமில். வெப்லி தொழிற்சாலை இருந்த வீமன் தெரு வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். ஆனால் அங்கே 1997இல் கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்துவிட்டார்கள். எங்கள் ஊர்ச் சரக்கை அருகில் பார்க்க நான் மலையேறி வர வேண்டியிருந்தது!

திரும்பும் வழியில் ஹட்டனில், காட்டுப்பன்றி விரட்டும் தோட்டத் துப்பாக்கிகளைத் திருத்தும் ஒரு முதியவரிடம் போனோம். மேசையில் பழைய வீரகேசரி விரித்தார். ரிவால்வரை மடித்துத் திறந்து, ஆறு துளைகளும் காலி என்று பார்த்த பிறகுதான் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"தம்பி, இதை வாசியுங்கள்."

தேய்ந்துபோன ஆங்கில எழுத்துகள்: 'வார் ஃபினிஷ்', அதாவது போர்க்கால மெருகு.

அவர் விளக்கினார்: இது மார்க் 4, .38 அங்குலக் குண்டு ரகம். முதல் போரில் பட்டாளம் வைத்திருந்த வெப்லி .455, அது வேறு. இரண்டாம் போரில் என்ஃபீல்டு ரிவால்வர்கள் போதாமல் இதையும் வாங்கினார்கள். அவசரத்தில் மெருகிட நேரமில்லை. கருவித் தடங்களோடு அனுப்பிய துப்பாக்கிகளில்தான் இந்த முத்திரை. அது இருக்கும் உடல் கண்ணாடிபோல் மின்னினால், பின்னாளில் யாரோ சாணை பிடித்து மறுபடி நீலம் ஏற்றியிருக்கிறார்கள். திருகாணித் துளைகளின் ஓரம் குழிந்திருப்பதை நகத்தால் தடவிக் காட்டினார். ஒன்றாக இருக்க வேண்டிய எண்களில் சிலிண்டரில் ஒன்று, உடலில் வேறொன்று. பர்மிங்காம் சோதனை முத்திரைகள் மட்டும் ஒழுங்காக இருந்தன. சுத்தியலை இழுத்துப் பிடித்து சிலிண்டரை ஆட்டினார், அசையவில்லை.

"வெப்லி அசல், பளபளப்பு அசல் இல்லை. சேகரிப்பவன் கொடுக்கும் விலை கிடைக்காது. லைசன்ஸ் உள்ளவனுக்குத்தான் விற்கலாம், அதனால் கண்டியில் சொன்னதில் பாதி கிடைத்தாலே பெரிது."

பணம் வாங்க மறுத்துவிட்டார். பர்மிங்காமில் என்றால் இதற்கு முன்பதிவு, கட்டணம், 'இது உத்தரவாதம் அல்ல' என்று பொடி எழுத்தில் ஒரு பக்கம். எங்களுக்குக் கிடைத்தது இஞ்சித் தேநீர்.

வாகனத்தில் ஏறியதும் மாமா என் பக்கம் திரும்பினார்.

"துரை கொழும்புக்கு அனுப்பி மெருகேற்றித்தானே எனக்குக் கொடுத்தார், மருமகனே. ஒருவராவது என்னைக் கேட்டீர்களா?"