மழைக்காலக் குதிரைப் போர்வை என்று யாராவது விற்க வந்தால்

கோலாலம்பூரில் முதல் குதிரை வாங்கியிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் காசை எடுங்கள்.

பந்தயத்திலிருந்து விலக்கிய குதிரை ஒன்றை மகளுக்காக வாங்கினோம். நவம்பர் மழை தொடங்கியதும் குதிரைச் சாமான் விற்கும் ஒருவர் வாட்ஸ்அப்பில் பிடித்துக்கொண்டார். "அண்ணே, ரேஸ் குதிரைக்கு ரோமம் மெல்லிசு. நனைஞ்சா சளி நெஞ்சுல இறங்கிடும். வெள்ளைக்காரன் போர்வை இல்லாம குதிரைய வெளிய விடவே மாட்டான்." கழுத்து மூடியோடு 780 ரிங்கிட். அளவுகூட எடுக்கவில்லை. நெஞ்சு நடுவிலிருந்து பின்தொடை முடியும் இடம் வரை டேப் வைத்துப் பார்க்க வேண்டுமாம். இவர் போட்டோவைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

லேபிளில் 1200 டெனியர், 300 கிராம் என்று இருந்தது. கேட்டதற்கு, "நம்பர் கூடக் கூட குவாலிட்டி கூடும்" என்றார். பச்சைப் பொய். டெனியர் மேல்துணி நூலின் தடிமன், கிழியாமல் இருப்பதற்காக. கிராம் என்பது ஒரு சதுர மீட்டருக்கு உள்ளே அடைத்திருக்கும் பஞ்சின் எடை. 300 என்றால் இங்கிலாந்து, கனடா பனிக்காலத்துக்கு, அதிலும் ரோமம் வெட்டிய குதிரைக்குப் போடுகிற கனம். ஊர்த் தட்பவெப்பத்துக்குப் பழகிய குதிரைக்கு 5 முதல் 25 டிகிரி வரை போர்வை இல்லாமலே சுகம்தான். நம் ஊரில் மழை கொட்டும் இரவிலும் 23 டிகிரி இருக்கும்!

இரவில் போட்டுவிட்டோம். மறுநாள் விடிகாலையில் லாயத்துப் பெரியவர் போர்வையை அவிழ்த்தபோது குதிரையின் வயிற்றிலிருந்து வியர்வை சொட்டியது, மூச்சு இரைத்தது. "யாருப்பா இதப் போடச் சொன்னது?" என்று கத்திக்கொண்டே தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். உடல் சூடு 39 டிகிரியைத் தாண்டியிருந்தது, 38.5 வரைதான் இயல்பு. வந்த கால்நடை மருத்துவர் இன்னொன்றும் சொன்னார்: வெக்கையும் ஈரமும் சேர்ந்த நாடுகளில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடுமாம். சூட்டைத் தணிக்கக் குதிரைக்கு வியர்வைதான் முக்கிய வழி. தோல் ஈரத்திலேயே ஊறினால் கிருமி பிடித்துப் பொருக்குத் தட்டும், அது வேறு. நல்லவேளை, எங்கள் குதிரை தேறிவிட்டது.

இங்கே தேவைப்படுவது ஒழுகாத கூரை, காற்றோட்டம், ஈத்தொல்லைக்கு மெல்லிய வலைத்துணி. அவ்வளவுதான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "போட்டுப் பார்த்த சாமான எடுக்க மாட்டோம்ண்ணே" என்றவர் அப்புறம் பிளாக் செய்துவிட்டார். சரி, பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், மனுவுக்கு 5 ரிங்கிட், வக்கீல் தேவையில்லை. இன்ன வேலைக்கு ஆகும் என்று சொல்லி விற்ற பொருள் அதற்கு ஆகாவிட்டால் விற்றவரே பொறுப்பு என்கிறது 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். இவரிடம் இப்படி வாங்கியவர்கள் ரசீதையும் வாய்ஸ் மெசேஜையும் அழித்துவிடாதீர்கள். என்னுடையதை மனுவோடு சேர்த்துக் கொடுக்கப் போகிறேன்.